ஓரத்து ஸ்டூல்

தையல்காரிக்குத் தீராத இடுப்பு வலி. மிஷினை விற்றுவிடலாம் என்றுகூட நினைத்தாள்.

"எலும்பு நல்லாத்தான் இருக்கும்மா. மூளைதான் பழக்கதோஷத்துல ஆபத்து மணி அடிக்குது. பயப்பட ஒண்ணுமில்லன்னு அதுகிட்ட சொல்லுங்க," என்றார் டாக்டர்.

மறுநாள் தைத்துக்கொண்டே வலியிடம் சொன்னாள்: "பயப்படாத. செத்த நேரம் அந்த ஸ்டூல்ல உக்காரு."

இடுப்பு லேசானது. ஓரத்து ஸ்டூலின் ரெக்சின் அமுங்கியது.

மதியம் சாப்பாடு கொண்டுவந்த கணவர் அந்த ஸ்டூலை இழுத்தார்.

"அங்க உக்காராதீங்க, ஆள் இருக்கு."

"கிண்டலா?" என்று உட்கார்ந்தவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு துள்ளி எழுந்தார். எழுந்ததும் வலி இல்லை. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

இப்போது வாடிக்கையாளர்களுக்கு வேறு நாற்காலி. வெட்டுத்துணிகளைத் திணித்து ஸ்டூலுக்கு ஒரு குஷன் தைத்துப் போட்டிருக்கிறாள். கடையைப் பூட்டும்போது, "வரட்டா?" என்பாள்.

காலையில் வந்து தொட்டுப் பார்த்தால், குஷன் சூடாக இருக்கும்.