சுவருக்கு அந்தப் பக்கம்

அடுத்தடுத்த இரண்டு வீடுகளுக்கு நடுவில் ஒரே ஒரு சுவர். இந்தப் பக்கத்து வீட்டு வைஃபை ரௌட்டருக்கு அன்று மனசே சரியில்லை. அடுத்த வீட்டு ரோஸ்லின் நடத்தும் ஆன்லைன் ஆட்டத்தில் இந்த வீட்டுச் செவ்வந்தி சேர்ந்தாலே, திரையில் ஓடும் அவளுடைய ஆட்டக்காரன் பாதியில் உறைந்து நின்றுவிடுகிறான். "நாளைக்கு இந்த டப்பாவைத் தூக்கிப் போடுறேன்" என்று செவ்வந்தி கத்திவிட்டாள்.

ரௌட்டர் சுவரிலிருந்த பல்லியிடம் கேட்டது. "அண்ணே, ரோஸ்லின் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருக்கா? என் சேதி போய்ச்சேர ஏன் இவ்வளவு நேரமாகுது?"

பல்லி ஜன்னல் வழியாகப் போய், அந்த வீட்டு ரௌட்டரிடம் விசாரித்துக்கொண்டு வந்தது.

"நீங்க ரெண்டு பேரும் வேற வேற கம்பெனியாம். ரெண்டு கம்பியும் இந்த ஊர்ல எங்கேயும் சேரலையாம். உன் சேதி கடலுக்கு அடியில சிங்கப்பூர் போய், அங்க கம்பி மாறி, மறுபடி கடலைத் தாண்டித்தான் சுவருக்கு அந்தப் பக்கம் வருதாம்."

ரௌட்டரின் பச்சை விளக்கு சிமிட்ட மறந்தது. "கடலா? நான் அனுப்பினதா?"

"ஆமாப்பா. அதுவும் நான் நாக்கை நீட்டி ஒரு கொசுவைப் பிடிக்கிறதுக்குள்ள!"

செவ்வந்தி மறுபடி விளையாட உட்கார்ந்தாள். கடலையே தாண்டியாச்சு, இனி தூக்கிப் போட்டால் போடட்டும் என்று ரௌட்டருக்குத் தோன்றிவிட்டது. அடுத்த சேதியை அனுப்பும்போது அதனிடம் மெல்லச் சொன்னது:

"பார்த்துப் போ. வழியில கடல் இருக்கு."