சைக்கிளில் வருகிறார்கள் பெண் வீட்டார்

"ரெண்டு கண்டத்தை சைக்கிள்லயே தாண்டி வந்திருக்கீங்களே சார், எதுக்காக?"

சைக்கிள் கடை வாசலில் நின்று கேட்டாள் நிருபர். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். இதுவரை அவள் எழுதியதெல்லாம் தண்ணீர்க் குழாய் உடைந்ததும் மின்சாரம் போனதும்தான். இன்றைக்குத்தான் உருப்படியான ஒரு செய்தி தானே பெடல் மிதித்துக்கொண்டு ஊருக்குள் வந்திருந்தது.

சைக்கிளில் வந்த தம்பதியில் கணவருக்கு வயது ஐம்பத்தெட்டு. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பூமி சூடாயிக்கிட்டே போகுதும்மா. நம்மால முடிஞ்சது, ஒரு சொட்டு பெட்ரோல்..."

"போன ஊர்ல சர்க்கரை வியாதிக்காகன்னு சொன்னீங்க. அதுக்கு முந்தின ஊர்ல உலக சமாதானம்" என்றாள் மனைவி. கடைக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்துக்கும்தான்" என்றார் அவர் அசராமல்.

உள்ளே, அவளுடைய சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பின்சக்கரத்தில் உடைந்த கம்பியை மாற்றிக்கொண்டிருந்த கடைக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உள்ள வந்து உட்காருங்கம்மா, ஃபேன் இருக்கு" என்றார்.

"வேணாங்க, இங்கயே காத்து நல்லா வருது."

நிருபர் அவள் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கம்மா. உங்களுக்கும் இதுல ஆசைதானா?"

"என்னை எதுக்குக் கேக்குறே? மேப் பாக்குறது, வழி கேக்குறது, பேப்பர்காரங்ககிட்ட புளுகுறது எல்லாம் அவர் இலாகா. மிதிக்கிறது மட்டும்தான் நான். பதினோரு மாசமா மிதிக்கிறேன்."

அப்போது மனைவியின் செல்போன் அடித்தது. ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"அம்மா! எங்க இருக்கீங்க? கல்யாணத்துக்கு இன்னும் பத்தே நாள்!"

"வந்துருவோம்டி. எண்ணூறு கிலோமீட்டர்தான் பாக்கி. எதிர்க்காத்து மட்டும் இல்லாம இருக்கணும்."

"ரெண்டு தடவை தள்ளிப்போட்டு மூணாவதா குறிச்ச தேதிம்மா இது. முதல்ல குறிச்ச தேதிக்குத் தைச்ச கோட்டுல இப்ப மாப்பிள்ளைக்கு பட்டன் போட முடியல. ஆனா ஒண்ணு, நீங்க வராம நான் கையெழுத்துப் போட மாட்டேன். அவர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கட்டும்."

சிரித்துக்கொண்டேதான் போனை வைத்தாள். வைத்ததும் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நிருபருக்குச் சுருக்கென்றது. பேனாவை மூடினாள்.

"சார், பொண்ணு கல்யாணத்துக்கா இப்படிப் போறீங்க? விமானத்துல போனா இங்கேர்ந்து ஒன்றரை மணி நேரம்!"

"ஒன்றரை மணி நேரத்துல என்னம்மா பாக்க முடியும்? வெறும் மேகம்" என்றார் கணவர்.

நிருபருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் பத்திரிகை ஆசிரியருக்கு போன் போட்டாள். கல்யாணம், கண்ணீர், மேகம் பார்க்க மாட்டேன் என்கிற மனிதர், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினாள்.

ஆசிரியர் குஷியாகிவிட்டார். "அந்த அம்மாவுக்கு நம்ம பத்திரிகை டிக்கெட் போடுது. காரும் அனுப்புறேன். மகளிடம் தாயைச் சேர்த்தோம்னு முதல் பக்கத்துல போடு. அந்த ஆளு வேணும்னா உருட்டிக்கிட்டே வரட்டும்."

அரை மணி நேரத்தில் கார் வந்து நின்றது. நிருபர் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"ஏறுங்கம்மா! சாயங்கால விமானம். இன்னிக்கு உங்க பொண்ணோட உட்கார்ந்து சாப்பிடப் போறீங்க!"

மனைவி எழுந்தாள். காரைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"கடைக்காரரே, முடிஞ்சுதா?"

கடைசி மரையை முடுக்கிக்கொண்டிருந்தவர் சைக்கிளை நிமிர்த்தினார். அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, ஏறி ஒரே மிதி. நிருபர் திறந்த வாயை மூடுவதற்குள் அவள் தெருமுனையைத் தாண்டியிருந்தாள்.

"பாத்தீங்களா சார், உங்ககிட்ட எவ்வளவு பயம்னு!" நிருபர் கார்க் கதவை அறைந்து சாத்தினாள். "பெத்த பொண்ணு கல்யாணத்துக்குப் போகக்கூட உங்க முகத்தைப் பாத்து முடிவு பண்ண வேண்டியிருக்கு. ஒருத்தரோட கிறுக்குக்கு இன்னொருத்தர் முட்டி தேயணுமா?"

கடைக்காரரும் ஸ்பானரை வைத்துவிட்டு அவரை முறைத்தார்.

கணவர் தன் சைக்கிளின் ஸ்டாண்டை எடுத்தார். கோபமே இல்லை.

"எழுதிக்கோம்மா. கிறுக்கன், பிடிவாதக்காரன், பொண்டாட்டியை வாட்டுறவன், எது வேணும்னாலும் போட்டுக்கோ. அவளை மட்டும் ஒண்ணும் சொல்லிடாதே."

"அவங்களைச் சொல்ல என்ன சார் இருக்கு?"

தெருமுனையில் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, அவர் குரலைத் தாழ்த்தினார்.

"கதவு சாத்துற எதுலயும் அவளால உட்கார முடியாதும்மா. காரு, பஸ்ஸு, ரயிலு, விமானம் எதுலயும். மூச்சு முட்டி மயக்கம் போட்டுருவா. கல்யாணத்துக்குப் போக முடியாதேன்னு அவ அழுத மறுநாள்தான், ஐம்பத்தேழு வயசுல நான் சைக்கிள் ஓட்டவே கத்துக்கிட்டேன்."