ஆளுக்கொரு கை

"உடம்பெல்லாம் கறுத்துக் கிடக்கு, ரெண்டு கை மட்டும் எப்படி இப்படி மின்னுது?"

பூங்காவுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த மேனேஜர் பெண் கேட்டாள். ஐந்து வயதுச் சிறுமியின் வெண்கலச் சிலை அது. யாரோ இருவர் வந்து பிடித்துக்கொள்ளட்டும் என்பதுபோல இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்கும்.

தோட்டக்காரருக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும். குழாயை மூடிவிட்டு ஆரம்பித்தார். விடிந்ததும் ஒரு பெரியவர் வருவாராம், வலது கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம். ஆபீஸ் பூட்டிய பிறகு ஒரு அம்மா வந்து இடது கையைப் பிடித்துக்கொள்வாராம். வெண்கலம்தானே, தொடத் தொடப் பளபளக்காமல் என்ன செய்யும்?

"புருஷன் பொண்டாட்டிதான் மேடம். பிரிஞ்சு வருஷக்கணக்காச்சாம். அவங்க பொண்ணைப் பார்த்துச் செஞ்ச சிலையாம் இது. அதுக்கு மேல கேட்க எனக்கு மனசு வரல. குழந்தை தவறிடுச்சு போல, பாவம்."

அவள் வெகுநேரம் சிலையையே பார்த்தாள். பிறகு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "நாளைக்குச் சாயந்திரம் அஞ்சு மணிக்குச் சிலையை எடுக்கறோம். ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிடுங்க" என்றாள்.

தோட்டக்காரருக்குக் கோபம் வந்தது. வந்து ஒரு வாரம் ஆகவில்லை, அதற்குள் இந்த அதிகாரமா? கல்நெஞ்சக்காரி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே அன்று மாலை அந்த அம்மாவிடம் சொன்னார். "அது இருக்குன்னுதானே நானும் உசிரோட இருக்கேன்" என்று அவர் அழுதார். மறுநாள் காலை பெரியவரிடம் சொன்னபோது, அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

ஐந்து மணிக்கு முன்பே இருவரும் வந்துவிட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததும் திடுக்கிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனாலும் போக மனசில்லை. வழக்கம்போல ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கிரேனையும் காணோம், லாரியையும் காணோம்.

மேனேஜர் பெண் அறையிலிருந்து வந்தாள். அவர்கள் எதிரே நின்று, சிலையைப் போலவே இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"வெண்கலத்தைப் பிடிச்சது போதும்ப்பா. நீயும் வாம்மா. நீங்க பிரியறப்போ யார்கூட இருக்கப் போறேன்னு கேட்டீங்களே, ரெண்டு பேரும் வேணும்னு சொல்லத் தெரியாமத்தான் அன்னிக்கு ஹாஸ்டலுக்கு ஓடினவ, வீட்டுக்குத் திரும்பவே இல்ல. இந்தாங்க, ஆளுக்கொரு கை."