யார் கை நடுங்கியது?

போன வாரம் சர்வீஸ் முடித்துக் கொண்டுபோன டாக்சி, கோகிலாமணி உட்கார்ந்தால் ஸ்டார்ட் ஆவதில்லை. கயிறு கட்டிப் பட்டறைக்கு இழுத்து வந்திருந்தாள். மெக்கானிக் மயில்சாமி இடது கையால் ஸ்கேனரைச் சொருகினார். இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. கோளாறு ஓட்டுநரிடம் என்றது திரை: ஸ்டியரிங்கில் கை நடுக்கம், ஓட்டத் தகுதியில்லை.

"எனக்கு எங்கீங்ணா நடுங்குது?" என்று இரண்டு கைகளையும் நீட்டினாள். கல்லாட்டம் நின்றன. "லைசென்ஸையே முடக்கிட்டாங்க. ரெண்டு புள்ளைங்கள வச்சுட்டு நான் என்ன பண்றது?"

கோளாறு எந்த நாளில் பதிவானது என்று மயில்சாமி பார்த்தார். அன்றைக்கு வண்டி அவர் பட்டறையில் இருந்தது. சர்வீஸ் முடிந்தால் பைபாஸ் வரை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பார். ஓட்டுவது மெக்கானிக் என்று வண்டிக்கு முதலில் சொல்ல வேண்டும். சோம்பல்பட்டு, அவள் பெயரிலேயே ஓட்டியிருந்தார்.

பதிவை அழிக்க வழியில்லை. அதில் ஓட்டிய ஆளின் பெயரை மாற்றலாம். மாற்றினால் அவள் இன்றைக்கே சவாரி போகலாம்; அவர் லைசென்ஸ் முடங்கி, பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.

"மெஷின் என்னங்ணா சொல்லுது?"

"உங்க மேல தப்பில்லைங்க அம்மிணி."

அதுவரை பாக்கெட்டிலேயே வைத்திருந்த வலது கையை எடுத்து, 'மாற்று' என்ற பொத்தானைத் தொடப் போனார். விரல் ஆடி ஆடி வேறெங்கோ பட்டது. மறுபடியும் தவறியது.

கோகிலாமணி அந்த விரலையே பார்த்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்து, ஆடாமல் நிறுத்தி, பொத்தானுக்குக் கொண்டுபோனாள்.