முட்டைப் பெட்டிக்கு நூற்றைம்பது வோல்ட்

சிரிப்பு வரும். சத்தியமாக வரும். கொஞ்சம் பொறுங்கள், அதற்கு முன்னால் ஒரு பெருக்கல் கணக்கு இருக்கிறது.

பேட்டையில் மணிராஜைப் பார்க்காதவர் உண்டு. அவன் குரலில் ஏமாறாதவர் கிடையாது. டவுன் பஸ் கண்டக்டர், ரேஷன் கடைக்காரர், ஐ.டி.ஐ. வாத்தியார் எல்லோரும் அவன் தொண்டைக்குள்தான் குடியிருந்தார்கள். எலெக்ட்ரீசியன் படிக்கிற அவன் கையில் இருந்த மீட்டர்கூட, ஸ்டோர் ரூம் கதவுக்கு வெளியே நின்று, "ஏ, அந்த மீட்டரை மணிராஜ்ட்ட குடுத்தனுப்பு" என்று வாத்தியார் குரலில் உத்தரவு போட்டு வாங்கியதுதான்.

"பல்பு கெட்டுப்போச்சாலே?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு அக்தர் பானு.

பலகைப் பெட்டிக்குள் நான்கு அறுபது வாட் பல்பைத் தொங்கவிட்டு, அந்தச் சூட்டில் குஞ்சு பொரிக்க வைத்து விற்பவள் அவள். நாளை மறுநாள் ஓடு உடைய வேண்டும். பல்போ அணையப்போகிற பீடி மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது.

மணிராஜ் மீட்டரைப் பார்த்தான்.

"பல்பு நல்லாத்தான் இருக்குக்கா. வோல்ட் நூத்தம்பது, கரண்டு புள்ளி எட்டு ஆம்பியர். வகுத்தா தடை நூத்தி எண்பத்தேழரை ஓம். அதுல கோளாறு இல்ல. ஆனா பெருக்கிப் பாருங்க, நூத்தியிருவது வாட். நாலு அறுவது எம்புட்டு?"

"இருநூத்தி நாப்பது."

"அதுல பாதிதான் வருது. சூடும் பாதிதான்."

"அப்போ இன்னும் நாலு பல்பை மாட்டு."

"மாட்டலாம். திடீர்னு வோல்ட் ஏறிச்சுன்னா குஞ்சுக்குப் பதிலா அவிச்ச முட்டை வரும்."

பானு சிரிக்கவில்லை. "உள்ள உசுரு அசையுதுலே. காதுல வச்சா கேக்கு. நானும் கரண்டு ஆபீசுக்கு நடையா நடக்கேன். போர்மேன் என்னைப் பாக்கவே மாட்டேங்கான். 'நாளைக்கு ஆள் வரும்'ங்கான்."

"இன்னைக்கே வரும்க்கா."

அடுத்த நிமிஷம் அவன் எஸ்.டி.டி. பூத்தில் இருந்தான்.

கரண்டு ஆபீஸ் பெரிய இன்ஜினீயர் ஆவுடைநாயகம் ஐ.டி.ஐ. விழாவுக்கு வந்து ஒரே தடவைதான் பேசியிருக்கிறார். மணிராஜுக்கு அது போதும். மூக்கால் பேச வேண்டும், நடுநடுவே செருமிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

"முப்பிடாதியா? நான் ஆவுடைநாயகம் பேசுதேன்."

மறுமுனையில் போர்மேன் முப்பிடாதி. சட்டென்று பதில் வரவில்லை. ஆள் அரண்டுட்டான் என்று மணிராஜுக்குக் குஷி.

"ஐ... ஐயாவா பேசுதீக?"

"பின்னே, என் ஆவியா பேசுது? ஏம்வே, கடைசித் தெருவுல நூத்தம்பது வோல்ட்டுதான் வருதாமே. ஆபீசுல உக்காந்து என்னவே செய்யுதீரு?"

அப்புறம் பைய வந்தது: "சரிங்கய்யா."

"அக்தர் பானுவோட முட்டைப் பெட்டி இருநூத்தி நாப்பது வாட்டு. நூத்தியிருவதுதான் இழுக்கு. வோல்டையும் கரண்டையும் பெருக்கிப் பாரும். ஒரு குஞ்சு செத்தாலும் உம்ம மேல கேசு."

"என்ன கேசுங்கய்யா?"

"கொலைக் கேசு."

மறுமுனையில் யாருக்கோ புரையேறியது.

"சரிங்கய்யா. இப்பவே கெளம்புதோம்யா."

மணிராஜ் தெருவுக்கு வந்து சேருவதற்குள் ஜீப் வந்துவிட்டது. லைன்மேன் கம்பத்தில் ஏறினார். மேலே இணைப்பு கரிந்து கிடந்தது. சுரண்டி, முறுக்கி, புதுசாகக் கட்டிவிட்டு இறங்கினார்.

பெட்டிக்குள் நான்கு பல்பும் பளீரென்று எரிந்தன. மணிராஜின் மீட்டர் இருநூற்று இருபத்தைந்து வோல்ட் காட்டியது. கரண்டு ஒரு ஆம்பியரைத் தாண்டியது. பானு பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தவள், எடுக்கவே இல்லை.

மணிராஜால் இனிமேல் தாங்க முடியாது. ஏமாந்தவன் வாயாலேயே அதைக் கேட்டுவிட வேண்டும். ஜீப்பில் சாய்ந்து நின்ற முப்பிடாதியிடம் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் போனான்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கு இம்புட்டு வேகம்?"

"பெரிய ஐயா உத்தரவுலே."

"ஓ. போன்ல சொன்னாகளோ?"

"போனும் வந்துச்சு."

இதோ, நீங்கள் காத்திருந்த சிரிப்பு. மணிராஜின் வயிற்றில் கிளம்பித் தொண்டைவரை ஏறிவிட்டது.

முப்பிடாதி அவன் கையிலிருந்த மீட்டரைப் பார்த்தார்.

"போன் வந்தப்போ ஐயா எனக்கு எதுத்தாப்புல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தாக. ரிசீவரை நடுவுல வச்சு ரெண்டு பேருமாக் கேட்டோம். 'என்ன கேசுன்னு கேளும்'னதே அவுகதாம்லே."

மணிராஜின் தொண்டைக்குள் இருந்த அத்தனை பேரும் வாயடைத்துப் போனார்கள்.

"'குரலுதான் பொய். கணக்கு சரியா இருக்கு, வண்டிய எடும்'னாக. அந்தம்மாவ ஏம்வே இத்தன நாளா அலைய விட்டீருன்னு எனக்குச் செம டோஸ். நீ போன்ல போட்டதெல்லாம் ஒண்ணுமே இல்ல."

போனில் கேட்ட ஒவ்வொரு 'சரிங்கய்யா'வும் மணிராஜின் காதில் மறுபடி ஒலித்தது. அதில் ஒன்றுகூட அவனுக்குச் சொன்னதல்ல.