ஒரு சாண் இடைவெளி

"கட்டைய மட்டும் காணோம், ஸ்டெஃபான்," என்றாள் டாரியா.

கோட்டுப் பையில் கைகளை விட்டுக்கொண்டு கேரேஜ் நடுவில் நின்றிருந்தாள். அவள் கணவன் ஓரெஸ்ட் இங்கேதான் செத்துக் கிடந்தான். நாளை நாற்பதாம் நாள், கோயிலில் அவனுக்காகப் பாட வேண்டிய நாள்.

நான் பக்கத்து வீட்டுக்காரன். முப்பத்தோரு வருடமாக எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலி கிடையாது.

கனடாவில், எங்கள் சாஸ்கட்செவன் மாகாணத்தில் ஜனவரி மாதம் கேரேஜில் வேலை செய்ய வேண்டுமென்றால் ஹீட்டர் இல்லாமல் முடியாது. ஓரெஸ்டிடம் இருந்தது சிலிண்டரில் எரிகிற கேஸ் ஹீட்டர். அதைக் கொளுத்துவதற்கு முன், மேலே தூக்குகிற பெரிய கதவை ஒரு சாண் உயர்த்தி, அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்துவிடுவான். ஹீட்டர் எரியும்போது வருகிற வாயு கண்ணுக்கும் தெரியாமல் மூக்குக்கும் தெரியாமல் ஆளை முடித்துவிடும். வெளியேற வழி வேண்டும்.

ஊர்த் தீயணைப்புப் படையில் சம்பளமில்லாமல் இருபத்தாறு வருடம் ஓடியவன். வீடு வீடாகப் போய் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். என்னிடமே பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான்.

"குளிருதுன்னு கதவ இழுத்துச் சாத்திட்டுச் சாகாதடா. உன்னத் தூக்க நாலு பேரு வேணும். எனக்கு முதுகு வலி."

அப்படிப்பட்டவன் மூடிய கதவுக்குப் பின்னால் ஹீட்டர் பக்கத்தில் சரிந்து கிடந்தால் ஊர் என்ன நினைக்கும்? காது மந்தமாகிவிட்டது என்று அக்டோபரில்தான் அவனைப் படையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். அதன் பிறகு ஆள் அவ்வளவாகப் பேசவில்லை. யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சாவுக்கு வந்தவர்கள் டாரியாவின் கையைக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

"நான் டவுன்லேருந்து வந்தப்ப கேஸ் அலாரம் கத்திட்டுத்தான் இருந்துச்சு," என்றாள். "காது மெஷின அதோ அந்த அலமாரியில கழட்டி வச்சிருந்தாரு. அது எப்பவும் பண்றதுதான். ஆனா கதவச் சாத்தவே மாட்டாரே."

நான் ஒன்றும் சொல்லவில்லை. போலீஸ் வந்து விசாரித்தபோதும் ஒன்றும் சொல்லவில்லை.

"ஃபாதர் மூணு தடவ போன் பண்ணிட்டாரு. நான் எடுக்கல. தானா போனவருக்காகக் கோயில்ல பாடுங்கன்னு எப்படிக் கேக்குறது?" கொஞ்சம் நிறுத்தினாள். "அவரு போட்டோவச் சுவத்துப் பக்கம் திருப்பி வச்சிருக்கேன், ஸ்டெஃபான். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டாரே."

அவள் அழுதிருந்தால் இன்னும் ஒரு நாள் தள்ளிப் போட்டிருப்பேன். என் லட்சணம் அப்படி. அவள் அழவில்லை. வேலை மேசைக்கு அடியில் குனிந்து மறுபடியும் கட்டையைத் தேட ஆரம்பித்தாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

கதவை மேலே தூக்கிவிட்டு வெளியே போனேன். வலது பக்கச் சுவரோரம் இடுப்பளவு பனி. மண்டியிட்டுக் கையாலேயே தோண்டினேன். அங்கும் இங்கும் தேடவில்லை, ஒரே இடம்தான். தோள்வரை கை உள்ளே போனதும் கட்டை தட்டுப்பட்டது. கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன்.

டாரியா கட்டையைப் பார்த்தாள். நான் தோண்டிய குழியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான்தான் சாத்தினேன்," என்றேன்.

அன்று காலை சைபருக்குக் கீழே முப்பத்தெட்டு. அவர்கள் வாசலில் வண்டி இல்லை. இரண்டு பேரும் டவுனுக்குப் போயிருக்கிறார்கள், கதவை மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் அடுத்தவர் கதவு திறந்து கிடந்தால் சாத்திவிட்டுப் போவோம். இல்லையென்றால் உள்ளே தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிடும். சாத்தியதை யாரும் சொல்லிக் காட்டவும் மாட்டோம்.

காதை மூடிய தொப்பி போட்டிருந்தேன், உள்ளே ஹீட்டர் இரைந்தது கேட்கவில்லை. கட்டையை உருவிச் சுவரோரம் வைத்துவிட்டுக் கதவைக் காலால் அழுத்தி மூடினேன். அந்த ஒரு சாண் இடைவெளியையும் கட்டையையும் கண்ணால் பார்த்த பிறகும் எனக்கு உறைக்கவில்லை. நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்கு நடந்தேன். மாகாணத்தையே சூடேற்றப் பார்த்தாயா என்று சாயந்திரம் அவனைக் கிண்டல் செய்ய வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

இதையெல்லாம் டாரியாவிடம் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்று இருந்தது.

"அப்ப அவரா போகலையா?" என்று கேட்டாள்.

"இல்ல."

கட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு சிமெண்ட் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். இந்த நாற்பது நாளில் அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான். ஓரெஸ்ட், ஓரெஸ்ட் என்று பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். பக்கத்தில் உட்காரும் தகுதி எனக்கு இல்லை. நின்றுகொண்டே இருந்தேன்.

அழுது ஓய்ந்த பிறகு கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்தாள்.

"ஃபாதர், நாளைக்குப் பாடணும். அவரு சாத்தல, ஃபாதர். கட்ட வெளியில பனிக்குள்ள கெடந்துச்சு."

மறுமுனையில் ஃபாதர் ஏதோ கேட்டார். டாரியா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"காத்து, ஃபாதர்," என்றாள். "காத்துல சாத்திக்கிச்சு."