நீலப் பலகை

ஓர் ஊரின் எல்லையில் ஒரு நடுகல் நின்றிருந்தது. மந்தையைக் கவர வந்தவர்களோடு மோதிச் செத்த வீரனின் உருவம் அதில் செதுக்கப்பட்டிருந்தது. செம்மி என்ற ஆடு தினமும் வந்து அதில் முதுகைத் தேய்த்துக்கொள்ளும். அந்த உரசலில் கல்லும் பாசி பிடிக்காமல் பளிச்சென்று இருந்தது.

ஒருநாள் அரசாங்க ஆட்கள் வந்து கல்லை அளந்தார்கள். முள்கம்பி வேலி போட்டு, 'பாதுகாக்கப்பட்ட சின்னம்' என்று நீலப் பலகை நட்டார்கள். கல்லுக்குப் பெருமை தாங்கவில்லை.

"இனி நான் உள்ளே வர முடியாதே" என்றது செம்மி, வேலிக்கு வெளியே நின்று.

"வருத்தப்படாதே. என்னைப் பார்த்துக்க அரசாங்கமே இருக்கு" என்றது கல்.

ஆனால் யாரும் வரவில்லை. ஆடு மேயாத இடத்தில் கருவேலம் மண்டியது. அதன் வேர் கல்லை நெம்பியது. ஆயிரம் வயதுக் கல், நேற்று வந்த பலகையிடம் கெஞ்சியது: "ஐயா, ஆபீசுக்குச் சொல்லுங்க."

"என் மேல எழுதினதுக்கு மேல நான் பேசக் கூடாது" என்றது பலகை.

ஐப்பசி மழையில் கல் முகங்குப்புற விழுந்தது. அடுத்த மாதம் ஆய்வுக்கு வந்த அதிகாரி பதறிப்போனார்.

"என்னய்யா, பலகை சாய்ஞ்சு நிக்குது! உடனே நிமிர்த்துங்க!"

ஆட்கள் முள்ளுக்குள் கிடந்த நடுகல்லை ஏதோ பாறை என்று எண்ணி, உருட்டி வந்து பலகைக்கு முட்டுக் கொடுத்தார்கள். அதிகாரி பலகையைப் படம் பிடித்து, 'சின்னம் நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக்கொண்டு போனார்.

பாரம் தாங்காமல் கல் முனகியது.

"அசையாம பிடிச்சுக்கோ" என்றது பலகை. "நான் விழுந்துட்டா அப்புறம் உன்னை யார் பாதுகாக்கிறது?"